குடத்துக்கு ஒரு சீட் பெல்ட்

புதுக் கார் எடுத்த அன்றைக்கே என் மகள் அதிலிருந்து பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனாள். அவளுக்கு அப்போது நாலாவது மாதம். தென்காசியில் கோயில் முன்னால் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு, செங்கோட்டையில் அவள் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக நான்தான் ஓட்டினேன். பாதி தூரம்கூடத் தாண்டவில்லை, “யப்பா, நிப்பாட்டுங்க” என்றாள். நிப்பாட்டினேன். நான் நிப்பாட்டிய விதத்தில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் குமட்டியிருக்கும். ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்து, அம்மாவின் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வழியாக வந்த ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று என் மனைவியும் ஏறிக்கொண்டாள். என்னைத் தனியாக விடலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் என்ன செய்ய? வீட்டுக்குத் திரும்பிப் போகவா? ஆட்டோவுக்குப் பின்னாலேயே போனேன். முன்பக்கம் ரோஜா மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, உள்ளே நான் ஒருத்தன். ஆட்டோக்காரருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு தரம் ஓரங்கட்டி, கையை வெளியே நீட்டி, நீங்கள் முன்னால் போங்கள் என்று காட்டினார். நான் எப்படி முன்னால் போவேன்? அவர் ஓரங்கட்டும்போதெல்லாம் நானும் ஓரங்கட்டினேன். செங்கோட்டையில் சம்பந்தியம்மாள் புது வண்டிக்கு ஆரத்தி சுற்றுவதற்காகத் தாம்பாளத்தோடு வாசலில் காத்திருந்தார்கள். மருமகள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவர்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. கரைத்த ஆரத்தியை வீணாக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, ஆட்டோவுக்கே சுற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர் இறங்கி நின்று பயபக்தியோடு கும்பிட்டுக்கொண்டார். நான் பின்னால் காருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மானம் கப்பலேறியது என்பார்களே, அன்றைக்குத்தான் ஏறியது. விஷயம் அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. காப்பி குடிக்கும்போது சம்பந்தியம்மாள் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்கள். “வளைகாப்பு முடிஞ்சதும் புள்ளைய எங்க வண்டியிலேயே கொண்டாந்து விட்டுருதோம் அண்ணாச்சி. நீங்க சிரமப்படாண்டாம்.”

எங்கள் பக்கத்தில் அது நடக்கவே நடக்காத காரியம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி முடிந்ததும், பெற்றவர்கள் தங்கள் வண்டியில் பெண்ணை ஏற்றிப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். பிரசவம் அங்கேதான். சொந்த வண்டி இல்லாதவர்கள்கூட அன்றைக்கு வாடகைக்காவது ஒன்று பிடித்துக்கொண்டு போவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள். “யாரும் சிரமப்பட வேண்டாம் அத்தை. அன்னைக்கும் நான் ஆட்டோவுலயே போயிக்கிடுதேன்.” இருபத்தெட்டு வருடம் கார் ஓட்டியவனின் மகள் சொன்னது இது.

அப்போது வைகாசி கடைசி. வளைகாப்பு ஆவணியில். அதற்குள் அந்த வண்டியை ஓட்டப் படித்து, என் மகளை என் காரில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். அந்த மூன்று மாதமும் எனக்கு இதைவிடப் பெரிய கவலை கிடையாது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரண்டில் ஓடுவது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தம் இல்லை. பிரேக் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதற்கு வேலை இல்லை. வலது காலால் ஒரு பெடலை மிதித்தால் போகும். அந்தக் காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறைந்து, தானே நின்றும் விடும். அப்படிக் குறையும்போது பேட்டரியில் கொஞ்சம் கரண்ட் திரும்ப ஏறுமாம். ஒற்றைப் பெடல் ஓட்டம் என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். “பழகிட்டா பிரேக்கையே மறந்துருவீங்க சார்.” அதுவரைக்கும் என் கதி என்ன என்று அவர் சொல்லவில்லை. என் பழைய பெட்ரோல் காரில் காலை எடுத்தால் வண்டி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டு இருக்கும். நாம் நின்று நிதானித்துப் பிரேக்குக்குப் போகலாம். இதில் காலை வெடுக்கென்று எடுத்தால் பிடரியில் அடித்தது போல நிற்கிறது. ஐயோ நின்றுவிட்டதே என்று மிதித்தால் பாய்கிறது. பாய்கிறதே என்று எடுத்தால் மறுபடி நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிக்கொண்டே வர வேண்டியதுதான்.

கோயில் வாசலிலேயே அது தெரிந்துவிட்டது. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, “மெதுவா ஏத்துங்க” என்றார் பூஜை போட்டவர். மெதுவாக என்றால் நமக்கு என்ன அர்த்தம்? காலை லேசாக எடுக்க வேண்டும் என்றுதானே? எடுத்தேன். வண்டி பழத்தில் முட்டியதுமே நின்றுகொண்டது. நாலு சக்கரமும் நாலு பழத்தில் இடித்தபடி. நசுங்கவும் இல்லை, தாண்டவும் இல்லை. கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. அவர் கையைக் காட்டுகிறார், நான் மிதிக்கிறேன், பயந்து எடுக்கிறேன். ஒரு பழம் மட்டும் சக்கரத்திலிருந்து விடுபட்டு, உருண்டு போய், கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். இதை மறைத்துப் புண்ணியமில்லை. வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் இருந்தேன். என்னோடு ஜீப்பில் வந்தவர்கள் எல்லாருமே இதைச் சொல்வார்கள். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு முன்னால் போகிறவன், பக்கத்தில் வருகிறவன், குறுக்கே நடக்கிறவன் எல்லாரையும் ஏசிக்கொண்டேதான் வருவேன். கண்ணாடி ஏற்றித்தான் இருக்கும், யாருக்கும் கேட்காது. அதனால் அதில் பாவம் ஒன்றும் இல்லை என்று நம்பியிருந்தேன்.

செய்தி கேட்டு, வெளியூரில் வேலையில் இருந்த மாப்பிள்ளை போன் செய்தார். “அது ஒரு செட்டிங்தான் மாமா. ஸ்க்ரீன்ல போயி ஆஃப் பண்ணிட்டா பழைய வண்டி மாதிரி ஓடும்.” நல்ல மனுஷர், சரியாகத்தான் சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று. மாப்பிள்ளை சொல்லி, எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஒன்றை அணைப்பதா? அணைத்தால் வாழ்நாள் முழுக்க அது அணைந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை, பழகியாச்சு என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை எடுக்கப் போனால், பின் சீட்டில் பித்தளைக் குடம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு என் மனைவி வீட்டில் கொடுத்த குடம். சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன் மேல் ஆடாமல் இருத்தி, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பியிருந்தாள். இது என்ன என்று கேட்டேன்.

“உங்க மக. இது சிந்தாம ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வாங்க. அப்பறம் செங்கோட்டைக்குப் போறதப் பத்திப் பேசுவோம்.”

சிந்துவது எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் குடத்தின் கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டையும் சுற்றினாள். வெள்ளையில் ஈரம் சரியாகத் தெரியவில்லை. உடனே அதை மஞ்சளில் முக்கிக் காயவைத்துக் கட்டினாள். நனைந்த இடம் இப்போது பளிச்சென்று கறுத்துத் தெரிந்தது. விவரமானவள். வண்டியைக் கிளப்பியதும் கீங் கீங் என்று அலறல். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்கிறது. அந்தக் குடத்தின் கனம் அப்படி. பெல்ட்டை இழுத்துக் குடத்தின் இடுப்போடு சேர்த்துப் போட்டுவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து வண்டியில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து எனக்கு உத்தரவு போட்டவள். இப்போது பின்னால் போய்க் குடத்தைப் பார்த்தாள்.

முதல் ஞாயிறு பாதிக் குடம் சீட்டில்தான். குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் அவள் முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தாள். நல்ல சாரல் வேறு. அருவியில் குளித்துவிட்டு நனைந்து வருகிறவர்களுக்கு நடுவில், காரிலிருந்து நனைந்து இறங்கியவள் இவள் ஒருத்திதான். திரும்பி வரும்போதும் பரீட்சை உண்டு என்று சொல்லி, ஐந்தருவியில் ஓடுகிற தண்ணீரிலேயே குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பித்தளைக் குடம், மஞ்சள் துணி, அருவித் தண்ணீர், தூக்கிக்கொண்டு வருகிறவள் நெற்றியில் இவ்வளவு பெரிய பொட்டு. போதாதா? எழுந்து வந்து, எந்தக் கோயில் என்றுகூடக் கேட்காமல், ஒரு முழம் மல்லிகையைக் குடத்தின் கழுத்தில் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இது கோயிலுக்கு இல்லம்மா, இவுங்க கார் ஓட்டிப் பழகுததுக்கு என்று என் மனைவி உண்மையைத்தான் சொன்னாள். அந்த அம்மாள் நம்பவில்லை. அதை யார் நம்புவார்கள்?

குற்றாலத்தில் சீசன் நேரம் ரோட்டில் தடுப்பு வைத்து வண்டிகளைச் சுற்றி விடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற வேன்காரர் காவலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காவலர் என் ஜன்னலில் குனிந்தார். பின்னால் பார்த்தார். பூச்சுற்றிய குடம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. விறைப்பாக நிமிர்ந்து, “தீர்த்த வண்டி வருதுலே, தடுப்ப எடு” என்று அடுத்தவரிடம் கத்தினார். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை என்பதுதான் உண்மை. எங்களுக்கு மட்டும் ரோடு திறந்தது. திறந்த ரோட்டில் எனக்கு உற்சாகம் வந்து மிதித்ததில் இன்னும் கால் குடம் போயிற்று.

அதற்கு அடுத்த வாரமும் போனோம், அதற்கடுத்த வாரமும் போனோம். மாப்பிள்ளையிடம் பழகியாச்சு என்று சொன்னேனே, அது பொய்யாகவே நீடித்தது. ஒவ்வொரு தரமும் வீட்டு வாசலில் இறங்கியதும் என் மனைவி துணியைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். நாலு விரக்கடை, அதாவது நாலு விரல் அகலம், நனைந்திருக்கிறது. மூணரை. மறுபடியும் நாலு. மூன்றாவது வாரம் நாங்கள் இறங்கும்போது எதிர்வீட்டு அண்ணாச்சி கையில் செம்போடு நின்றார். அவர் மட்டும் இல்லை, தெருவில் ஏழெட்டுப் பேர். போன வாரம் மிச்சத் தண்ணீரை என் மனைவி துளசிக்கு ஊற்றியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து பேச்சு பரவிவிட்டது.

நான் பொறுமையாக விளக்கினேன். இது கார் பழகுகிற தண்ணீர், என் கால் சரியாக வரவில்லை, அதற்காகத்தான் என்றேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கால் சரியில்லாமல்தான் நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். தனக்கும் முழங்காலில்தான் வலி என்றார். செம்பில் வாங்கிப் போய்க் குடித்தார். மறுவாரம் வந்து, வலி பாதி குறைந்துவிட்டது, குடம் எப்போது கிளம்பும் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கால் பழகவில்லை என்று நான் வயிறெரிந்துகொண்டிருக்கிறேன், இவருக்குக் கால் சரியாகிறது.

ஆடி பிறந்துவிட்டது. இன்னும் மூன்று விரக்கடைக்குக் கீழே வரவில்லை. மகள் போனில் அம்மாவோடு பேசுவாள், வளையலைப் பற்றிப் பேசுவாள், எலுமிச்சை சாதம், புளிச் சாதம் என்று வரிசையாகப் பேசுவாள். வண்டியைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். அவள் ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள் என்று என் மனைவி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆரத்தி எடுத்துக்கொண்ட அதே ஆட்டோக்காரர்.

அந்த வார ஞாயிறு, தென்காசிக்குள் ஒரு பஸ் எனக்கு முன்னால் சும்மா நின்றது. ஸ்டாப் கிடையாது, ஒன்றும் கிடையாது, நடு ரோட்டில் நிற்கிறது. நான் ஏசினேன். பின்னாலிருந்து என் மனைவி, “இப்பம் சிந்திட்டு” என்றாள். அதன் பிறகு இலஞ்சி தாண்டி ரோட்டில் பெரிய பள்ளம். வண்டி ஏறி இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. குற்றாலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலு பேர் ரோட்டின் நடுவில் ஊர்வலம் போனார்கள். ஏசினேன். சிந்திட்டு என்றாள். ஐந்தருவியில் வண்டியை நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

“ஏங்க, குண்டு குழியில ஒரு சொட்டு சிந்தல. நீங்க ஏசும்போதுதான் சிந்துது.”

அபத்தம் என்றேன். திரும்பும் வழியில் நானே கவனித்தேன். ஒருவனைக் கண்டதும் வாயில் வார்த்தை வருவதற்கு முன்னால் என் வலது கால் பெடலை விட்டு வெடுக்கென்று எழும்புகிறது. சூடு பட்ட மாதிரி எழும்புகிறது. பழைய வண்டியில் அந்தக் கோபம் கிளட்சுக்குப் போகும், கியருக்குப் போகும், ஹாரனுக்குப் போகும். நாலு இடத்தில் பிரிந்து போனதால் தெரியவில்லை. இதில் போக ஒரே ஒரு பெடல்தான் இருக்கிறது. இருபத்தெட்டு வருடக் கோபமும் அங்கே போய் நின்றுகொண்டது.

சரி, ஏசாமல் ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியுமா? இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டது. என் மனைவியே பயந்து போனாள். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். குறுக்கே ஒருவன் வந்தானா, பொறு. காலை நூல் நூலாகத் தூக்கு. வண்டி மெதுவாகக் குறைந்து ஓரமாகப் போய் நிற்கட்டும். நின்ற பிறகு, வாய் வலிக்கிற வரைக்கும் ஏசு. ஏசி முடித்ததும் கிளம்பு. இதில் ஒரு கஷ்டம் உண்டு. நான் நிறுத்தி முடிப்பதற்குள் ஏச வேண்டியவன் போய்ச் சேர்ந்திருப்பான். எதிரில் இருக்கிற மைல்கல்லையோ புளியமரத்தையோ பார்த்துத்தான் ஏச வேண்டும். ஐந்தருவிக்குப் போய்வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. என் மனைவி கூடையில் முறுக்கும் பிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவர ஆரம்பித்தாள். நான் ஏசி முடிப்பதற்குள் அவள் ஒரு முறுக்கு தின்றுவிடுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. இரண்டு விரக்கடை. ஒன்று. ஆடி முடிவதற்குள் துணி ஓரத்தில் மட்டும் ஈரம். ஏசுவதும் தன்னாலே குறைந்தது. வண்டியை நிறுத்தி, மரத்தைப் பார்த்து, ஆரம்பிக்கப் போகும்போது எதற்காக நிறுத்தினோம் என்றே சில சமயம் மறந்துவிடும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. தீர்த்த வண்டி ஐந்நூறு அடிக்கு ஒருதரம் நிற்கிறது, ஓட்டுகிறவர் மரத்தைப் பார்த்து உதடு அசைக்கிறார், பிறகு போகிறார். மந்திரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் நிறுத்தி ஏசிய ஒரு புளியமரத்துக்கு அடுத்த வாரம் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அந்த மரத்திடம் நான் சொன்ன வார்த்தைகள் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

வளைகாப்பு நாளும் வந்தது. செங்கோட்டையில் வீடு நிறையக் கூட்டம். என் மகள் இரண்டு கை நிறைய வளையலோடு, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஏழு வகைச் சாதமும் சாப்பிட்டாகிவிட்டது. கிளம்ப வேண்டிய நேரம். வாசலில் என் வண்டி நிற்கிறது, அதற்குப் பின்னால் சம்பந்தி வீட்டு வண்டி நிற்கிறது, அதற்குப் பின்னால் அந்த ஆட்டோ நிற்கிறது. ஆட்டோக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வாம்மா என்று ஒரு வார்த்தை கூப்பிட வாய் வரவில்லை. அவள் மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால்?

அவள் என் வண்டிப் பக்கம் வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பின் சீட்டில் குடம், பெல்ட்டோடு. குத்துக்கல்வலசையிலிருந்து நிரப்பிக் கொண்டு வந்தது. இது என்னம்மா என்று கேட்டாள்.

“மூணு மாசமா உன் எடத்துல அதுதான் உக்காந்து வருது” என்றாள் என் மனைவி. “துணியத் தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தாள். சுற்றிலும் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஏறுவதற்குச் சேலையைச் சேர்த்துப் பிடித்தாள். குடத்தை முன் சீட்டுக்கு மாற்றிப் பெல்ட் போட்டோம். அம்மாவும் மகளும் பின்னால். சம்பந்தியம்மாள் இந்த முறை ஆரத்தியைச் சரியான வண்டிக்குச் சுற்றினார்கள். வந்தது வீணானாலும் பரவாயில்லை என்று ஆட்டோக்காரர் கையசைத்துவிட்டு, வழி விலக்கிக் கொடுத்தார்.

கிளம்பினேன். ஏற்றத்தில் ஒரு லாரி என் முன்னால் ஒடித்துத் திரும்பியது. காலை நூலாகத் தூக்கினேன். வண்டி குறைந்தது, லாரி போயிற்று, மிதித்தேன். நான் ஏசவில்லை. அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். என் மகள் எனக்கு முதுகுப் பக்கம் என் சீட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். வளையல் எல்லாம் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள், பிறகு ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை இறுகியது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எப்போது ஆரம்பிப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவள் அஞ்சு வயதிலிருந்து என் பின்னால் இப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்று சொல்லாமலே தெரிந்தது. எனக்கு அந்தக் கையை இதற்கு முன்னால் பார்த்த ஞாபகமே இல்லை.

தென்காசியை நெருங்கும்போது கை தளர்ந்து மடிக்கு வந்தது. எங்களுக்குப் பின்னால் இருபது முப்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. முன் சீட்டில் குடம் தெரிந்ததாலோ என்னவோ, ஒருத்தரும் முந்தவில்லை. பிறகு என் மகள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நேற்றைக்கு நடந்த எதையோ சொல்வது போலச் சொன்னாள்.

“யப்பா, நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது இப்படி ஓட்டியிருக்கலாம்லா.”

நான் காலை மெதுவாக எடுத்தேன். வண்டி ஓரமாகப் போய் ஒரு குலுங்கல் இல்லாமல் நின்றது. குடத்தில் தண்ணீர் அசையவில்லை. எதிரே மைல்கல் இல்லை, மரம் இல்லை, வெறும் மதில்தான். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கண்ணில்தான் வந்தது.

நான் எதற்காக ஓரங்கட்டுவேன் என்று தெரிந்தவள் என் மனைவி. கூடையில் முறுக்கைத் தேடிக்கொண்டே, “இப்பம் யாரு குறுக்க வந்தா?” என்று கேட்டாள்.

“யாரும் வரல்ல. என்னையத்தான் ஏசணும்.”

அவள் முறுக்கை இரண்டாக ஒடித்து மகளிடம் ஒரு பாதியைக் கொடுத்தாள்.

“சரி, மெதுவா ஏசிட்டு வாங்க. நாங்க இருக்கோம்.”

பின்னால் நின்ற வண்டிகளில் ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை.